நாலு புள்ளிக்கு மூன்று மாதத் தவணை

சாவிக்கடை மாடியில் இருக்கும் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு மூன்று சத்தம் உண்டு. ஒன்று, டாக்டரின் மெஷின் போடும் 'ஙொய்'. இரண்டு, கீழே கடைக்காரர் அரத்தால் சாவி ராவும்போது வரும் 'கிரீச்'. மாடியில் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு எது எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பயந்து வைப்பார்கள். மூன்றாவது சத்தம் 'புஸ்'. அதுதான் புஸ்ஸக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது. அதை யாரும் எழுப்புவதில்லை. டாக்டருக்கு அவள் உதவியாளர். மற்ற எல்லோருக்கும், எழுபது வயதுக் கிழவர் உட்பட, அவள் புஸ்ஸக்கா. நாற்காலியில் யார் வந்து வாயைத் திறந்தாலும் அவள் முதலில் காற்றுக்குழாயை எடுப்பாள். பல்லின் மேல் புஸ். மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை எண்ணுவாள். பிறகு தலையைக் கோழி மாதிரி சாய்த்துப் பார்ப்பாள். ஹெட்மாஸ்டர் வந்தாலும் சரி, அவரிடம் முட்டி போட்டவன் வந்தாலும் சரி, அதே புஸ், அதே ஐந்து.

ஏனென்றால் ஈரமான பல்லை நம்ப முடியாது. எச்சில் பூசியிருக்கும்போது எல்லாப் பல்லும் யோக்கியன் வேஷம் போடும். காய வைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறதென்று வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

இதை அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. இருபத்தேழு வயது வரை ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டில் கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு டம்ளர். கழுவி, துடைத்து, ஒவ்வொன்றையும் குழல் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கே அவளுக்கு இரண்டு வகை வெள்ளை அறிமுகமானது. ஒன்று தண்ணீரின் உப்பு காய்ந்து மேலே படிந்தது. அழுத்தித் துடைத்தால் போய்விடும். இன்னொன்று சோப்புத்தூள் கண்ணாடியையே தின்றது. அது ஈரத்தில் ஒளிந்துகொள்ளும், காய்ந்ததும் மங்கலாகத் தலை நீட்டும். கையே தேய்ந்தாலும் அது தேயாது.

ஹோட்டலை மூடியபோது இந்தப் பல் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் ஒரு நாள், துடைப்பமும் கையுமாக நாற்காலியைத் தாண்டிப் போனவள், திறந்திருந்த ஒரு வாயை எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், அந்த ஓரப் பல்லு டம்ளர் மாதிரி மங்கியிருக்கே" என்றாள். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "துடைப்பத்தைக் கீழே வை" என்றார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தத் துடைப்பத்தை அப்புறம் யார் எடுத்தார்கள் என்பதில் டாக்டருக்கும் சாவிக்கடைக்காரருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால், அது விளக்குக்கு நேரே போய் நின்று பாஸான பிறகுதான் அவர் கைக்கு வரும். "என்னைக்காவது என்னையும் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துடப் போறே" என்பார். "பார்த்துட்டுத்தான் கட்டிக்கிட்டேன். அன்னிக்கு வெளிச்சம் கம்மி" என்பாள் அவள்.

இப்படிப் பேசுகிறவள் சிரிக்கும்போது மட்டும் உதட்டைத் திறக்க மாட்டாள். சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வெளியேறும். மேல்வரிசை முன்பல் ஒன்று அவளுடையதில்லை, மூடி போட்டது. அவளுக்கு ஒன்பது வயதில் அந்தப் பல்லில் கடுகளவு வெள்ளைப் புள்ளி வந்தது. யாரோ ஒரு டாக்டர் உடனே தோண்டி அடைத்தார். அடைத்தது இரண்டு வருஷத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தோண்டி அடைத்தார்கள். அதுவும் விழுந்தது. இப்படி அந்தப் பல் பழைய வீடு மாதிரி தடவைக்கு ஒரு சுவரை இழந்துகொண்டே வந்து, முப்பது வயதில் வேர் மட்டும் மிஞ்சி, மேலே மூடி வந்தது. மூடியின் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவே இல்லை. கடுகளவில் ஆரம்பித்த கதை.

அதனால்தான் சைரன் விஷயத்தில் அவள் வாயை விட்டாள்.

சைரன் என்பது ஏழாம் நம்பர் பஸ் டிரைவரின் மகள். ஒன்பது வயது. ஆறு வயதில் ஒரு தடவை பின்பல் அடைக்க வந்தபோது மெஷினைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் மொத்தமாகப் படியிறங்கிவிட்டார்கள். ஒருவர் ஒற்றைச் செருப்போடு போனார், மற்றது இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பெயர்.

இந்த முறை அவள் தானாக வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ 'உன் பல்லில் சாக்பீஸ்' என்று சொல்லிவிட்டதால் அப்பா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். புஸ்ஸக்கா காற்றடித்து ஐந்து எண்ணினாள். மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, நாலு வெள்ளைப் புள்ளி. பளபளப்பே இல்லாத, சுண்ணாம்பு வெள்ளை. ஓட்டை இல்லை, சொரசொரப்பு மட்டும். சோப்புத்தூள் தின்ற டம்ளரேதான்.

"சாயங்காலம் எங்கே இருப்பே பாப்பா?"

"அப்பா பஸ்ல. முன் சீட்ல."

"என்ன சாப்பிடுவே?"

சைரன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். கடைசியில் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா வெளியே வந்தது. எலுமிச்சை மிட்டாய். வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்க அவர் கியர் பக்கத்தில் வைத்திருப்பது. அவருக்கு ஒன்று என்றால் மகளுக்கு இரண்டு. பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கடைசி டிரிப் வரை, தினமும் மூன்று மணி நேரம்.

டாக்டர் அந்த டப்பாவை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் போட்டார். "இது இங்கேயே இருக்கட்டும். பறிமுதல்." பிறகு மெஷின் பக்கம் கையை நீட்டினார். "நாலையும் இன்னிக்கே திறந்து அடைச்சுடலாம்."

சைரன் மூச்சை உள்ளே இழுத்தாள். பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்றாள் புஸ்ஸக்கா. "இன்னும் ஓட்டை விழலை. வார்னிஷ் அடிச்சுப் பார்க்கலாமே."

டாக்டர் கெட்டவர் இல்லை. மெஷினோடு நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டார், அவ்வளவுதான். கை சும்மா இருந்தால் அதுவாகவே அந்தப் பக்கம் போய்விடும். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "வார்னிஷ் அடிச்சா மூணு மாசம் பொறுக்கணும். மூணு மாசம் பொறுத்துத் திரும்பி வந்தவங்க எத்தனை பேரை நீ பார்த்திருக்கே? வலி வந்தப்புறம்தான் வருவாங்க. அதுக்குள்ள புள்ளி ஓட்டையாயிடும். அப்புறம் இந்தச் சைரனை நாற்காலியில உட்கார வைக்கிறது நீயா நானா?"

"வருவா. நான் பொறுப்பு."

"மூணு மாசம் கழிச்சுப் பார்ப்பேன். ஒரு புள்ளி சொரசொரன்னு இருந்தாலும் அன்னிக்கே மெஷின். சரியா?"

புஸ்ஸக்கா சரி என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குனிந்து சைரன் காதில், "மெஷின் வராது. நான் சொல்றேன்" என்று ஒரு வாக்கும் கொடுத்துவிட்டாள். பத்தொன்பது வருஷத்தில் எந்த வாய்க்கும் அவள் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. கொடுத்த கையோடு வார்னிஷை எடுத்தாள்.

ஃபுளோரைடு வார்னிஷ் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பார்க்கத் தேன் மாதிரி மஞ்சளாக, பிசுபிசுவென்று இருக்கும். பல்லைத் துடைத்து, புஸ், பிறகு சின்னத் தூரிகையால் மெல்லிசாகப் பூச வேண்டும். எச்சில் பட்டதும் அப்படியே பிடித்துக்கொள்ளும். பூசிக்கொண்டே டிரைவருக்கு விளக்கினாள்.

"மிட்டாய் போட்டா வாய்க்குள்ள இருக்கிற கிருமிக்கு விருந்து. அது தின்னுட்டுப் புளிப்பைக் கக்கும். உங்க மிட்டாய் ஏற்கெனவே புளிப்பு. அந்தப் புளிப்பு பல்லுல இருக்கிற சுண்ணாம்புச் சத்தைக் கரைச்சு வெளியே இழுத்துடும். சுவர் இன்னும் இடியலை, பூச்சு மட்டும் உதிர்ந்திருக்கு. அதே சத்து எச்சில்ல இருக்கு. விட்டா அதுவே திரும்பப் போய் உட்காரும். இந்த ஃபுளோரைடு அதைக் கெட்டியாப் பிடிச்சு உட்கார வைக்கும். ஆனா பூசறவனுக்கும் நேரம் கொடுக்கணும்ல? நாள் முழுக்க ஒருத்தன் சுரண்டிட்டே இருந்தா?"

"புரியுதுக்கா" என்றார் டிரைவர், சுரண்டியவர் முகத்தோடு.

"இன்னிக்குக் கடினமா எதுவும் கடிக்கக் கூடாது, சூடா குடிக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது. நாளைக்குக் காலையிலேர்ந்து ஃபுளோரைடு பேஸ்ட், ரெண்டு வேளை, பட்டாணி அளவு. துப்பணும், தண்ணி விட்டுக் கொப்புளிக்கக் கூடாது."

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். பல்லுக்குச் சொந்தக்காரி இந்த நேரம் குட்டிக் கண்ணாடியில் தன் மஞ்சள் பல்லைப் பார்த்து, புலி மாதிரி உறுமிப் பழகிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இது பின்னால் வேலையைக் காட்டியது.

முதலில் வேலையைக் காட்டியது டிரைவரின் வாய். மிட்டாய் இல்லாமல் தூக்கம் வந்தது. தூக்கம் வராமல் இருக்கப் பாட ஆரம்பித்தார். அவர் பாட்டு கியர் மாற்றும்போது ஒரு சுதியிலும் பிரேக் போடும்போது வேறொரு சுதியிலும் போகும். தினமும் அந்த பஸ்ஸில் போகும் தையல்காரம்மா முதல் வாரம் பொறுத்தாள். இரண்டாம் வாரம் முன்னால் வந்து, "தம்பி, அந்த மிட்டாயை நானே வாங்கித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"பொண்ணு பல்லுக்காக விட்டிருக்கேன்மா."

"எங்க காதும் யாரோ பெத்த காதுதான்பா."

இதெல்லாம் புஸ்ஸக்கா காதுக்கு வந்து சேர்ந்தது, அவள் மூக்கால் சிரித்தாள். சுவரில் மாட்டிய காலண்டரில் வாரத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். டாக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் இருந்தார். அவ்வப்போது அவர் மேஜைப் பக்கமிருந்து மட்டும் சரசரவென்று ஏதோ காகிதம் பிரியும் சத்தம் வரும். திரும்பிப் பார்த்தால் டாக்டர் ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

ஏழாவது வாரம், ஒரு சாயங்காலம், லிஃப்ட் மெக்கானிக்கின் ஸ்கூட்டர் பஞ்சர். புஸ்ஸக்கா ஏழாம் நம்பரில் ஏறினாள். ஏறியதும் முன் சீட்டில் கண்ட காட்சி இது: சைரன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, உதட்டை மேலே தூக்கி, பல் முழுவதும் தெரிய, வாயை ஆவென்று பிளந்துகொண்டு எதிர்காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள். கண் மூடியிருந்தது. தொண்டைக்குள் மட்டும் என்னவோ முணுமுணுத்தது.

டிரைவர் கண்ணாடியில் புஸ்ஸக்காவைப் பார்த்துவிட்டார். சிக்னலில் வண்டி நின்றதும் திரும்பினார். முகத்தில் பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அக்கா, நானே வரணும்னு இருந்தேன். புள்ளி போகலைக்கா. முன்னாடி உத்துப் பார்த்தாத்தான் தெரிஞ்சது. இப்போ இங்கேர்ந்தே தெரியுது. நான் மிட்டாயைக்கூட விட்டேனே."

புஸ்ஸக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஆமாம். நாலு புள்ளி, சாக்பீஸால் வைத்த மாதிரி, புஸ்ஸே இல்லாமல் பளிச்சென்று. வாக்கு கொடுத்த வாயை என்ன செய்யலாம் என்று ஒரு கணம் யோசித்தாள்.

"பாப்பா, ஏன் வாயைத் திறந்து வச்சிருக்கே?"

சைரன் ஒரு விரலைத் தூக்கி 'பொறு' என்றாள். முணுமுணுப்பை முடித்துவிட்டுச் சொன்னாள்: "நூறு எண்ணிட்டிருந்தேன். நடுவுல பேசினா திரும்ப ஒண்ணுலேர்ந்து."

"எதுக்கு எண்றே?"

"நீங்கதானே காத்து அடிச்சு அஞ்சு எண்ணினீங்க? அது போதலைன்னுதான் நான் நூறு எண்றேன். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு நூறு. கடைசி சீட் பையன் கேலி பண்றான், நான் கண்டுக்கறதில்லை. ஏழு வாரமா ஒருநாள்கூட விடலை புஸ்ஸக்கா."

அவள் குரலில் இருந்த பெருமையைப் பார்த்ததும் புஸ்ஸக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காற்றுதான் மருந்து என்று பிள்ளை நினைத்துவிட்டாள். நினைக்காமல் என்ன செய்வாள்? வந்ததும் புஸ், பூசுவதற்கு முன்னால் புஸ், அதற்கு ஒரு மந்திரம் மாதிரி ஐந்து எண்ணிக்கை. எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொன்ன மகராசி, அந்தக் காற்று எதற்கென்று பிள்ளைக்குச் சொல்லவில்லையே. பிள்ளை தினம் மூன்று மணி நேரம் எச்சிலைக் காய வைத்திருக்கிறாள். காய்ந்த பல்லில் புள்ளி எடுத்துக் காட்டாமல் வேறென்ன செய்யும்?

"உதட்டால நல்லா மூடு. நாக்கால பல்லை ஒரு தடவு தடவு. ம். இப்போ காட்டு."

ஈரம் பட்டதும் மூன்று புள்ளி ஒளிந்துகொண்டது. நாலாவது மட்டும் லேசாக நின்றது. இது நல்லதா கெட்டதா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"இங்க பாரு தங்கம். அந்தக் காத்து மருந்து இல்லை. அது டார்ச் லைட். திருடன் எங்கே ஒளிஞ்சிருக்கான்னு பார்க்க நான் அடிக்கிறது. நீ தினம் மூணு மணி நேரம் டார்ச் அடிச்சுட்டு இருந்திருக்கே."

"அப்போ மருந்து எது?"

"உன் எச்சில். அது பல்லு மேல படப் படத்தான் வெளியே போன சத்து திரும்ப உள்ளே வரும். வாயை மூடி வச்சிருந்தாலே பாதி வைத்தியம்."

சைரன் முகம் சுருங்கியது. "ஏழு வாரம் வேஸ்ட்டா?"

"வேஸ்ட் இல்லை. ராத்திரி முழுக்க, பள்ளிக்கூடத்துல, பல்லு மூடித்தானே இருந்தது?"

"பள்ளிக்கூடத்துல நான் வாயை மூடவே மாட்டேனே" என்றாள் சைரன், உண்மையான கவலையோடு.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிக்னல் விழுந்தது. புஸ்ஸக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கணவர் சிரிக்கவில்லை. "தப்பு உன் மேலதான்" என்றார். "தெரியும்" என்றாள். "அதனால என்ன?" என்றார் அவர். "மெக்கானிக்கே பட்டனை மாத்தி மாட்டின லிஃப்டும் உண்டு. திரும்பப் போய் மாட்டுவோம். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு." அன்றைக்கு அவர் டம்ளரை அவரே விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, "இது பாஸ்" என்று அவளிடம் நீட்டினார்.

அந்த ஐந்து வாரம் ஊரே நிசப்தமானது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் ஏழாம் நம்பர் பஸ் நிசப்தமானது. சைரன் வாயை மூடினாள். கேட்டதற்கு ஜாடை, அவசரத்துக்குத் துண்டுச் சீட்டு. டீச்சர் வீட்டுக்குக் கடிதம் அனுப்பினாள்: 'உங்கள் மகள் மூன்று நாளாகப் பேசுவதில்லை. உடம்பு சரியில்லையா? இல்லையென்றால் இப்படியே இருக்கட்டும்.' டிரைவருக்குப் புஸ்ஸக்கா சர்க்கரை இல்லாத சூயிங்கம் வாங்கச் சொன்னாள். மென்றால் தூக்கமும் வராது, எச்சிலும் ஊறும். பாட்டு நின்றது. தையல்காரம்மா ஆஸ்பத்திரிக்குப் படியேறி வந்து, பல்வலி எதுவும் இல்லாமலே, புஸ்ஸக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

தவணை முடிந்த நாள், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே சைரன் வந்துவிட்டாள். வலி இல்லாமல், யாரும் இழுக்காமல். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "வந்துட்டாளே" என்றார், ஏதோ நஷ்டம் வந்தவர் போல. இருந்தாலும் சொன்ன சொல் சொன்னதுதான். மெஷினில் புது முனை மாட்டித் தட்டில் தயாராக வைத்தார். பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். சைரனின் புகழ் அறிந்தவர்கள் செருப்பைக் காலிலேயே வைத்திருந்தார்கள்.

சைரன் நாற்காலியில் ஏறி, மெஷினைப் பார்த்தாள். பிறகு புஸ்ஸக்காவைப் பார்த்தாள். சத்தமே போடாமல் வாயைத் திறந்தாள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த நம்பிக்கைதான் புஸ்ஸக்காவை வதைத்தது.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். விளக்கடியில், ஈரத்தில், நாலு பல்லும் முத்து மாதிரி மின்னின. டாக்டருக்கு இப்போது கண்ணாடி போட்டும் கொஞ்சம் மங்கல். காற்றடிப்பது எப்போதும் அவள் வேலை. இன்று ஒரு நாள் அந்தப் புஸ்ஸை மறந்துவிட்டால், 'நல்லாயிருக்கு' என்று சொல்லி அனுப்பிவிடுவார். வாக்கும் நிற்கும், பிள்ளையும் பிழைக்கும். புஸ்ஸக்காவின் கை காற்றுக்குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. நின்றது.

அவளுக்கு எண்ணூறு டம்ளர் ஞாபகம் வந்தது. ஈரத்தோடு அடுக்கி அனுப்பிய டம்ளர் ஒன்றுகூட இல்லை. அதோடு, ஒளிந்திருக்கும் திருடனை வீட்டுக்குள்ளேயே விட்டு வாசலைச் சாத்துவதற்கு இவள் எதற்கு?

புஸ்.

ஒன்று. இரண்டு. மூன்று. சைரனும் கண்ணை மூடி எண்ணுவது தெரிந்தது. நான்கு. அன்றைக்கு ஐந்து வருவதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். முதல் புள்ளி இல்லை. இரண்டாவது எங்கே இருந்ததென்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. மூன்றாவது, பல்லுக்குள்ளேயே கரைந்து, ஒரு மேகத்தின் நிழல் மாதிரி. நாலாவது இருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் சாக்பீஸ் வெள்ளை இல்லை. விளக்கு அதில் பட்டுத் திரும்பியது. பளபளத்தது.

"டாக்டர், நீங்களே பாருங்க" என்றாள். குரல் கொஞ்சம் வழுக்கியது.

டாக்டர் உருண்டை முனைக் கம்பியை எடுத்து நாலாவது புள்ளியின் மேல் மெதுவாக இழுத்தார். சொரசொரவென்று தட்டவேண்டிய இடத்தில் கம்பி பனிக்கட்டி மேல் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திரும்ப இழுத்தார். திரும்பவும் வழுக்கியது. பூதக்கண்ணாடி கேட்டார். பழைய சீட்டு கேட்டார். அதில் தானே போட்ட நாலு வட்டத்தையும் பல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலாவது இன்னும் தெரியுதே?" என்றார் டிரைவர், கதவோரத்திலிருந்து.

"தெரியும். தழும்பு மாதிரி. ஆனா புண்ணு ஆறிடுச்சு" என்றார் டாக்டர். "கெட்டியாயிருக்கு. இனி அது தொந்தரவு பண்ணாது, நீ மறுபடி மிட்டாய் கொடுக்காத வரைக்கும்." பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "மெஷினை எடுத்து உள்ளே வை" என்றார்.

புஸ்ஸக்கா எடுத்து உள்ளே வைத்தாள்.

ஐந்து வாரமாக மூடியிருந்த வாய் அது. உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. சைரன் நாற்காலி மேல் ஏறி நின்று, மூச்சை இழுத்து, சந்தோஷத்தையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு சத்தம் போட்டாள். பெஞ்சு காலியானது. நாலு பேரும் போன வேகத்தில் மாடிப்படி அதிர்ந்தது. கீழேயிருந்து சாவிக்கடைக்காரர் அரத்தோடு ஓடி வந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலை, அதுதான்" என்றாள் புஸ்ஸக்கா.

அப்பாவும் மகளும் படியிறங்கிப் போன பிறகு அறை அமைதியானது. பார்க்க ஒரு வாயும் பாக்கி இல்லை. டாக்டர் காலண்டர் கோடுகளை எண்ணினார். பிறகு யாரும் எதிர்பார்க்காத காரியம் செய்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"எனக்கும் ஒரு புஸ் அடிச்சுப் பாரேன்."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வாயை அவள் பார்த்ததில்லை. புஸ் அடித்தாள். ஐந்து எண்ணினாள். கழுத்தைச் சாய்த்தாள். கீழ்வரிசையில், ஈறோரமாக, புத்தம் புதுசாக ஒரு சுண்ணாம்பு வெள்ளைக் கீற்று.

நேரே மேஜைக்குப் போனாள். இழுப்பறையைத் திறந்தாள். எலுமிச்சை மிட்டாய் டப்பா அங்கேயேதான் இருந்தது. மிட்டாய்தான் இல்லை. அடியில் கொஞ்சம் சர்க்கரைத் தூள், அதன் மேல் ஒரு பிடி வெறும் காகிதம்.

"பறிமுதல் பண்ணினது எங்கே டாக்டர்?"

"மூணு மாசம்ல" என்றார் டாக்டர், விளக்கைப் பார்த்தபடி. "ஆவியாயிருக்கும்."

புஸ்ஸக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல மூக்கு வழியாகத்தான் கிளம்பியது. ஆனால் இந்தச் சிரிப்புக்கு அந்த வழி போதவில்லை. வாயைப் பிளந்து, நிறம் ஒத்துப்போகாத அந்தப் பல் முழுசாகத் தெரிய, கீழே சாவி ராவுவது நிற்கும்வரை சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்னிஷையும் தூரிகையையும் எடுத்தாள். காலண்டரில் அன்றைய தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"இன்னியிலேர்ந்து மூணு மாசம் டாக்டர். அதுவரைக்கும் வாயை மூடிட்டு இருக்கணும்."